காசு பார்த்துப் பழகிய கண்: ஜேம்ஸ் பிரின்செப்பின் எட்டு ஆண்டுகள்

1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தார், அசோகர் வெளிச்சத்துக்கு வந்தார். பள்ளிப் பாடத்தில் இந்த ஒரு வரியோடு அவருடைய கதை முடிந்துவிடும். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறவர்கள் சாஞ்சித் தூபியின் கல்வேலிக்குப் போவார்கள். அங்கே இருந்த சிறு சிறு கல்வெட்டுகள் எல்லாமே ஒரே மாதிரி இரண்டு எழுத்தில் முடிந்தன, அது 'தானம்' என்ற சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, அத்தோடு எல்லாம் புரிந்துவிட்டது என்பார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பை அறிவித்து அவரே எழுதிய கட்டுரையில் பலரும் தாண்டிப் போகிற ஒரு செய்தி இருக்கிறது. 'தானம்' என்ற சொல்லுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வந்த ஓர் எழுத்து 'ஸ' என்பதும், அது 'இன்னாருடைய' என்ற பொருளைத் தரும் வேற்றுமை உருபு என்பதும் தனக்கு எப்படித் தெரிந்தது என்று அங்கே சொல்கிறார். ஓரிரு நாள் முன்புதான் படித்து முடித்திருந்த சௌராஷ்டிர வெள்ளிக்காசுகளிலிருந்து கற்றுக்கொண்டதாம்.

பிரின்செப்பைக் கல்வெட்டு அறிஞர் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அவருடைய பிழைப்பு காசு, ஆய்வும் பெரும்பகுதி காசு. அவர் எழுதிக் குவித்த பக்கங்களில் கல்வெட்டுக்குச் சமமான இடம் நாணயங்களுக்கும் உண்டு. பிராமியைப் படித்த சாதனை ஒரு நாணய ஆய்வாளரின் சாதனை என்பதுதான் என் கட்சி. அவர் செய்த வேலைகளை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

மாற்றுப் பார்க்கும் வேலை

ஜேம்ஸ் 1799 ஆகஸ்ட் 20இல் பிறந்தார். அப்பா ஜான் பிரின்செப் 1770களில் வெறுங்கையோடு வங்காளத்துக்கு வந்து அவுரி வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். அந்த அப்பாவே கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை வைத்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒப்பந்தத்தில் செப்புக்காசு அடித்துக் கொடுத்திருக்கிறார். பிறகு இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். பெரிய குடும்பம். ஜேம்ஸ் பத்தாவது பிள்ளை.

முதலில் கட்டடக்கலை படிக்கத்தான் பையனை அனுப்பினார்கள். அகஸ்டஸ் பியூஜின் என்ற பெயர்பெற்ற வரைகலைஞரிடம் பயிற்சி. நுணுக்கமான கோட்டோவியம் அங்கே கைவந்தது. ஆனால் கண்ணில் நோய் வந்ததால் அந்தத் தொழில் முடியாமல் போயிற்று. கண் தேறிய பிறகு கொஞ்சம் வேதியியல் படித்தார், லண்டன் அரச நாணயசாலையில் உலோகச் சோதனை கற்றார். 1819 செப்டம்பரில் கல்கத்தாவில் வந்து இறங்கும்போது வயது இருபது. கல்கத்தா நாணயசாலையின் மாற்றுச் சோதனையாளருக்கு உதவியாளர் வேலை.

மாற்றுப் பார்ப்பது என்றால் என்ன? வெள்ளிக் கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் துல்லியமாக எடை போடுவார்கள். அதை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலையில் உருக்குவார்கள். ஈயமும், வெள்ளியில் கலந்திருக்கும் செம்பும் காற்றோடு வினைபுரிந்து கிண்ணத்துச் சாம்பலுக்குள் ஊறிப் போய்விடும். கடைசியில் தூய வெள்ளி ஒரு சிறு மணியாக மிஞ்சும். அதை மறுபடி எடை போட்டால், முதல் எடைக்கும் இந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் கலப்படம். சங்க காலத்தில் காசின் மாற்றுப் பார்த்தவரை வண்ணக்கன் என்றார்கள். புலவர்கள் சிலருக்கே அந்தப் பெயர் உண்டு, வடம வண்ணக்கன் தாமோதரனார் போல. கம்பெனி அரசின் வண்ணக்கன் வேலைதான் பிரின்செப்புக்குக் கிடைத்தது.

இந்த வேலையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவனின் கண் வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு காசைத் தனியாகப் பார்க்கத் தோன்றாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்து எடை என்ன, விளிம்பு எப்படி, அச்சு தேய்ந்ததா, எழுத்தில் எது மாறியிருக்கிறது என்று பார்க்கத்தான் தோன்றும். நூறு காசை வரிசையாக வைத்து, மாறாமல் இருப்பது எது, மாறுவது எது என்று பிரிக்கிற பழக்கம் இது. பின்னால் அவருக்கு எல்லாவற்றையும் விட உதவியது இந்தப் பழக்கம்தான்.

அவருடைய மேலதிகாரி ஹோரஸ் ஹேமன் வில்சன். மருத்துவராக வந்து, வேதியியல் தெரிந்ததால் நாணயசாலைக்குள் நுழைந்து, சமஸ்கிருதத்தில் பெரும் புலமை பெற்று, 1819இல் சமஸ்கிருத – ஆங்கில அகராதி வெளியிட்டவர். கல்கத்தாவில் இருந்த கீழைநாட்டு ஆய்வுக் கழகமான ஏசியாடிக் சொசைட்டியின் செயலாளரும் அவரே. காசு உருக்கும் இடத்தில் இப்படி ஒரு மனிதர் தலைவராக வாய்த்தது பிரின்செப்பின் அதிர்ஷ்டம். ஆனால் பிரின்செப் சமஸ்கிருதப் பண்டிதர் ஆகவில்லை. மொழிக்கு அவர் கடைசி வரை பண்டிதர்களையே நம்பியிருந்தார், அதை மறைக்கவும் இல்லை.

ஓராண்டுக்குள் காசிக்கு மாற்றினார்கள். அங்கிருந்த நாணயசாலையில் சுமார் பத்து ஆண்டுகள். காசி நாட்களைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். நகரத்தை அளந்து வரைபடம் போட்டார், சாக்கடை நீர் வடியச் சுரங்கக் கால்வாய் அமைத்தார், கர்மநாசா ஆற்றுக்குப் பாலம் கட்டினார், ஔரங்கசீப் மசூதியின் மினார்கள் பழுதானபோது சீர்செய்தார், படித்துறைகளை அழகான ஓவியங்களாக வரைந்து வெளியிட்டார். நமக்கு இங்கே தேவையானது இன்னொன்று. உலையின் வெப்பத்தை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளியும் தங்கமும், தங்கமும் பிளாட்டினமும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த சிறு துண்டுகளை வரிசையாகச் செய்து உலையில் வைப்பது. எது வரை உருகியிருக்கிறது என்று பார்த்தால் உலை எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1828இல் வந்தது, அந்த ஆண்டே அதன் உறுப்பினரும் ஆனார். தெரிந்தவற்றை வரிசையாக அடுக்கி, தெரியாதது எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கும் முறை இது. ஒன்பது ஆண்டு கழித்து எழுத்துகளிலும் இதையேதான் செய்தார்.

மாதம் ஒரு இதழ்

1830இல் காசி நாணயசாலையை மூடினார்கள். பிரின்செப் கல்கத்தாவுக்குத் திரும்பினார். வில்சன் ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராகத் தேர்வானதும் அவருடைய இரண்டு நாற்காலிகளும் 1832இல் பிரின்செப்புக்கு வந்தன. பகலில் தலைமை மாற்றுச் சோதனையாளர், மற்ற நேரத்தில் ஏசியாடிக் சொசைட்டியின் செயலாளர்.

அவர் செய்ததில் ரொம்பப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது இந்த ஆண்டில்தான் நடந்தது. ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி 1829இல் தொடங்கிய சிறிய அறிவியல் மாத இதழ் ஒன்று அதற்கு முன்பே பிரின்செப்பின் கைக்கு வந்திருந்தது. 1832 முதல் அதை ஏசியாடிக் சொசைட்டியின் பெயரில் மாதந்தோறும் கொண்டுவரத் தொடங்கினார். அதுவரை சொசைட்டியின் ஆய்வுகள் கனமான தொகுதிகளாக, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்தன. ஒருவர் ஒரு காசைக் கண்டெடுத்து எழுதினால் அது அச்சாகி, மற்றவர் பார்த்து, பதில் எழுதி, அந்தப் பதில் அச்சாவதற்குள் எழுதியவர் ஊருக்குத் திரும்பியிருப்பார், இல்லை செத்தே போயிருப்பார். மாத இதழ் வந்ததும் இந்தக் காலம் சில வாரங்களாகச் சுருங்கியது. சட்லெஜ் கரையில் இருந்தவர் அனுப்பிய காசின் படத்தை இரண்டு மாதத்தில் பம்பாயில் ஒருவர் பார்த்துவிட்டு, "என்னிடமும் இதே போல் இரண்டு உண்டு, ஓரத்து எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது" என்று எழுத முடிந்தது.

படங்களை வரைந்ததும் பிரின்செப்தான். காசின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, செப்புத் தகட்டில் தன் கையாலேயே கீறி எடுப்பார். பியூஜினிடம் கற்றது வீண்போகவில்லை. ஒளிப்படம் பிறக்காத காலம். ஒரு காசைத் தகட்டில் எழுத்துப் பிசகாமல் வரைய வேண்டுமானால் ஒவ்வொரு வளைவையும் நின்று பார்க்க வேண்டும். அர்த்தம் தெரியாத எழுத்தாக இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கான காசுகளை வரைந்த பிறகு அந்த எழுத்துகள் அவர் விரலுக்கே பழகியிருக்கும். பிராமியைப் படிப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே, அலகாபாத் தூணின் எழுத்துகளை எடுத்து, மெய்யெழுத்து எது, அதில் ஒட்டும் உயிர்க்குறி எது என்று அட்டவணை போட்டுவிட்டார். ஒலி தெரியாமலே வடிவங்களை மட்டும் வைத்து ஒழுங்காகப் பிரித்தது அந்த வேலை.

ரூபாயை ஒன்றாக்கியது

ஆய்வுக்கு நடுவே வயிற்றுப்பாட்டு வேலையிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1830களின் தொடக்கத்தில் கம்பெனி ஆட்சியில் ஊருக்கு ஒரு ரூபாய். கல்கத்தாவில் அடித்த சிக்கா ரூபாயில் ஊர்ப்பெயர் முர்ஷிதாபாத் என்று இருக்கும், பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் பெயர் இருக்கும், ஆட்சியாண்டு 19 என்று இருக்கும். ஷா ஆலம் 1806இலேயே இறந்துவிட்டார். ஆண்டு 19 என்பது 1770களில் வந்துபோன ஆண்டு. அதை அப்படியே உறைய வைத்ததற்குக் காரணம் உண்டு. புது ஆண்டுக் காசு வந்ததும் பழைய ஆண்டுக் காசுக்குச் சராப்புகள் என்ற நாணய மாற்று வணிகர்கள் வட்டம் பிடிப்பார்கள், அதாவது மதிப்பைக் குறைத்துத்தான் வாங்குவார்கள். எல்லாக் காசிலும் ஒரே ஆண்டைப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சென்னையில் கதை வேறு. இங்கே வராகன், பணம், காசு என்ற கணக்கு. கம்பெனிக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் சென்னை அரசு வராகனை விட்டுவிட்டு ரூபாயைத் தலைமை நாணயமாக்கியது. கிரெயின் என்ற சிறிய ஆங்கில எடை அளவில் அந்த ரூபாயின் எடை 180, அதில் தூய வெள்ளி 165. வங்காளத்துச் சிக்கா ரூபாயோ ஏறத்தாழ 192 கிரெயின். எல்லா மாகாணத்துக்கும் ஒரே எடை, ஒரே மாற்று வேண்டும் என்று வாதாடியவர்களில் பிரின்செப் முக்கியமானவர். 1833இல் தோலாவை 180 கிரெயின் என்று நிர்ணயித்ததிலும் அவர் பங்கு உண்டு. 1835இல் வந்த சட்டம் சென்னை ரூபாயின் எடையையே நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டது. முகலாயப் பேரரசரின் பெயர் போய் நான்காம் வில்லியமின் தலை வந்தது. ஷா ஆலம் ரூபாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக உலைக்குப் போயின.

இந்தியாவின் பழைய, புதிய நாணயங்கள், எடைகள், அளவுகள், ஆண்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் அவர் அட்டவணைகளாகத் தொகுத்து 1834 முதல் வெளியிட்டார். வணிகருக்கும் கலெக்டருக்கும் பயன்பட எழுதியதுதான். ஆனால் அதிலேயே அரச வமிசப் பட்டியல்களும் உண்டு. எந்த அரசன் எந்தக் காசை எப்போது அடித்தான் என்று தேடுகிறவனுக்கு இவை இரண்டும் ஒரே வேலைதான்.

இரண்டு எழுத்துக் காசுகள்

அப்புறம் வடமேற்கிலிருந்து காசுகள் வரத் தொடங்கின. 1830இல் ரஞ்சித் சிங்கின் படையில் இருந்த வென்டூரா என்ற இத்தாலியத் தளபதி மாணிக்கியாலா என்ற இடத்தில் ஒரு தூபியைத் தோண்டினார், உள்ளே காசுகள் கிடைத்தன. அலெக்சாண்டர் பர்ன்ஸ் மத்திய ஆசியப் பயணத்திலிருந்து காசுகளோடு திரும்பினார். கராமத் அலி, மோகன் லால் என்ற இந்தியர்களும் காபூல் பக்கம் தேடிச் சேகரித்தார்கள். இளம் பொறியாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் காசிப் பகுதியிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

எல்லோரையும் விட அதிகம் சேர்த்தவர் சார்லஸ் மேசன். அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. ஜேம்ஸ் லூயிஸ் என்ற கம்பெனிப் படைவீரர், 1827இல் படையை விட்டு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானில் திரிந்தார். காபூலுக்கு வடக்கே பெக்ராம் என்ற சமவெளியில் பழைய நகரம் ஒன்றின் மண்மேடுகள். ஆடு மேய்க்கிறவர்கள் அங்கே காசு பொறுக்கி வந்து செம்பு விலைக்கு விற்பார்கள், காபூலில் அதை உருக்கிவிடுவார்கள். ஆண்டுக்கு 30,000 காசாவது இப்படிக் கிடைக்கும் என்று மேசன் கணக்கிட்டார். 1833 முதல் அவற்றை வாங்கத் தொடங்கினார். வாங்கியதோடு நிற்கவில்லை. எந்த இடத்தில் எந்த வகைக் காசு, எத்தனை என்று எழுதியும் வைத்தார்.

அவற்றில் கிரேக்க வழி அரசர்களின் காசுகள் பல. ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் யாருக்கும் தெரியாத ஓர் எழுத்து. மேசன் ஒன்றைக் கவனித்தார். மெனாண்டர் காசில் மறுபக்கம் வரும் குறிகள் ஒரு மாதிரி, அப்பல்லோடோட்டஸ் காசில் வேறு மாதிரி. ஆனால் 'அரசன்', 'காப்பவன்' என்ற பட்டங்களுக்கு எதிரே எல்லாக் காசிலும் ஒரே குறிகள். அப்படியானால் இரண்டு பக்கமும் ஒரே செய்தி. இதை எழுதி பிரின்செப்புக்கு அனுப்பினார். பிரின்செப் அதை ஒத்துப் பார்த்து 1835இல் வெளியிட்டபோது, வழியைக் காட்டியது மேசன் என்று பெயர் சொல்லி எழுதினார். அரசின் பார்வையில் மேசன் படையை விட்டு ஓடிய குற்றவாளி. அந்த ஆண்டுதான் அவருக்கு மன்னிப்பே கிடைத்தது.

இன்று கரோஷ்டி என்று நாம் சொல்லும் எழுத்து அது. வலமிருந்து இடமாகப் போவதால் மொழியும் மேற்காசிய மொழியாக இருக்கும் என்று பிரின்செப் முதலில் நினைத்தார். அதனால் 'மஹாராஜ' என்று படிக்க வேண்டியதை வேறு எப்படியோ படித்தார். 1838இல்தான் அது பிராகிருதம் என்று பிடிபட்டது, பல எழுத்துகள் சரியாக விழுந்தன. பழைய வாசிப்பு தவறு என்று அதே இதழில் எழுதினார். அவருடைய இதழைப் புரட்டினால் இந்த மாதிரித் திருத்தங்கள் நிறைய. இந்த மாதம் ஒன்று சொல்வார், அடுத்த மாதம் புதிய காசு வரும், முன்னால் சொன்னதை எடுத்துவிடுவார். முழுதாகத் தெரிந்த பிறகுதான் எழுதுவேன் என்று உட்கார்ந்திருந்தால் அந்த எட்டு ஆண்டில் இவ்வளவும் நடந்திருக்காது.

சௌராஷ்டிர வெள்ளி

இப்போது முதலில் சொன்ன காசுகளுக்கு வரலாம். குஜராத் பக்கம் கிடைக்கும் சின்ன வெள்ளிக்காசுகள் அவை. ஒரு பக்கம் அரசன் தலை. மறுபக்கம் மூன்று வளைவு கொண்ட மலைக்குறி, சுற்றிலும் விளிம்பை ஒட்டி எழுத்து. மேற்கு க்ஷத்ரபர்கள் என்ற அரசர்கள் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஏறத்தாழ ஒரே வடிவில் அடித்தார்கள். இந்த அரசர்களுக்கு ஒரு நல்ல பழக்கம். காசில் தன் பெயரோடு அப்பா பெயரையும் பட்டத்தையும் போடுவார்கள். 'அரசன் இன்னாருடைய மகனான அரசன் இன்னாருடைய' என்ற அமைப்பு. பெயர் மட்டும் காசுக்குக் காசு மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

இந்த எழுத்து ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குப்தர் கால எழுத்தை 1834 வாக்கிலேயே ஓரளவு படித்துவிட்டார்கள். அலகாபாத் தூணிலேயே குப்தர் கல்வெட்டு ஒன்றும் உண்டு, அது அப்போதே படிக்கப்பட்டது. அதே தூணில் அதைவிடப் பழைய எழுத்து ஒன்று இருந்தது, அதுதான் புரியவில்லை. இரண்டுக்கும் இடையில் ஐந்நூறு, அறுநூறு ஆண்டு. அத்தனை காலத்தில் எழுத்து அடையாளம் தெரியாமல் மாறிவிடும். க்ஷத்ரபர் காசின் எழுத்து சரியாக இந்த இடைவெளியில் விழுகிறது. குப்தர் எழுத்து தெரிந்தவர் ஒரு படி பின்னால் போனால் அதைப் படிக்கலாம். அதைப் படித்தவர் இன்னொரு படி பின்னால் போகலாம். காசியில் உலைக்குள் அடுக்கிய உலோகத் துண்டுகளின் வரிசை மாதிரியே இது.

1837 மே மாதத்தில் பிரின்செப் இந்தக் காசுகளை வரிசையாக வைத்துப் படித்தார். பட்டப்பெயரை முதலில் தவறாகத்தான் படித்தார். 'க்ஷத்ரப' என்ற சொல்லே அவருக்குப் பிடிபடவில்லை. அது அடுத்த ஆண்டு குஜராத்தின் கிர்நார் பாறையில் உள்ள க்ஷத்ரப அரசன் ருத்ரதாமனின் கல்வெட்டைப் படிக்கும்போதுதான் சரியானது. ஆனால் காசின் வாக்கிய அமைப்பு தப்பவில்லை. ஒவ்வொரு பெயரின் முடிவிலும், பட்டத்தின் முடிவிலும் 'ஸ' வருகிறது, அது 'உடைய' என்று பொருள்படுகிறது. இது நூறு காசை ஒன்றாக வைத்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும். ஒரே ஒரு கல்வெட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தெரியாது.

ஓரிரு நாளில் சாஞ்சியிலிருந்து கேப்டன் எட்வர்ட் ஸ்மித் அனுப்பிய படிகளை அச்சுக்குத் தயார் செய்ய உட்கார்ந்தார். குட்டிக் குட்டி வரிகள், எல்லாம் ஒரே இரண்டு எழுத்தில் முடிகின்றன. கோயிலுக்குப் பொருள் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் பொறித்திருப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. கடைசிச் சொல்லுக்கு முன்னால் வருவது 'ஸ'. அப்படியானால் 'இன்னாருடைய தானம்'. 'த', 'ந', கூடவே ஒரு புள்ளி. மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்தன. இந்தோ-கிரேக்க அரசன் அகதாக்ளிஸின் காசில் சில பிராமி எழுத்துகளை ஜெர்மானிய அறிஞர் லாசன் முந்தைய ஆண்டே படித்து எழுதியிருந்தார். அதுவும் காசுதான். பிறகு தில்லித் தூணை எடுத்தார்கள். கமலாகாந்த வித்யாலங்காரர் என்ற பண்டிதர் பக்கத்தில் இருந்தார். பாலி மொழிக்கு இலங்கையைச் சேர்ந்த ரத்னபாலர் உதவினார். சில வாரங்களில் தூணின் வாசகம் முழுதும் வந்தது.

தூண்களில் பேசிய அரசன் 'தேவானாம்பிய பியதசி'. இந்தப் பெயரில் ஓர் அரசனும் வட இந்தியப் பட்டியல்களில் இல்லை. இலங்கையின் தேவானம்பிய தீசன் என்று பிரின்செப் முதலில் எண்ணினார். இலங்கை அரசுப் பணியில் இருந்த ஜார்ஜ் டர்னர் அப்போது மகாவம்சத்தை அச்சிட்டுக்கொண்டிருந்தார். இலங்கையின் இன்னொரு பழைய வரலாற்று நூலான தீபவம்சத்தில் பியதசி என்பது அசோகனின் இன்னொரு பெயர் என்று கண்டு எழுதினார். பிரின்செப் உடனே ஏற்றுக்கொண்டார்.

நம் பக்கம் வந்த வரி

1838இல் கிர்நாரிலும் ஒடிசாவின் தௌலியிலும் உள்ள அசோகரின் பாறைக் கல்வெட்டுகளை ஒப்பிட்டபோது 'அந்தியோக யோனராஜா' என்ற பெயரைக் கண்டார். அந்தியோக்கஸ் என்ற கிரேக்க அரசன். இந்திய வரலாற்றுக்கும் மேற்குலக ஆண்டுக் கணக்குக்கும் ஒரு முடிச்சு விழுந்தது இங்கேதான், அதனால் எல்லோரும் அந்தப் பெயரையே கொண்டாடினார்கள். அந்தப் பெயர் வருவது இந்த வரிசையின் இரண்டாம் கல்வெட்டில். அதிலேயே, அந்தப் பெயருக்குச் சற்று முன்னால், எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் வருகின்றன, தாமிரபரணி என்று இலங்கையும் வருகிறது. சங்கப் பாடல்கள் அச்சேறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, மூவேந்தருக்கு கிமு 3ஆம் நூற்றாண்டுச் சான்று கிடைத்துவிட்டது.

அதே எழுத்து தமிழ்நாட்டுக் குகைகளிலும் இருப்பது பிறகு தெரிந்தது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் கல்வெட்டு 1882இல் கண்ணில் பட்டது. ஆனால் பிரின்செப்பின் அட்டவணையை வைத்துப் படித்தால் சரியாக வரவில்லை. மொழி தமிழ் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். ழ, ள, ற, ன போன்ற எழுத்துகளுக்குத் தனி வடிவம் உண்டு, கூட்டெழுத்து கிடையாது என்பதை அடிப்படையாக வைத்து 1960களில் ஐராவதம் மகாதேவன் முழுத் தொகுப்பையும் ஒழுங்காக்கினார்.

இங்கேயும் காசு கைகொடுத்தது. சாதவாகன அரசர்களின் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் ஒரு தென்னாட்டு மொழி. பிராகிருதத்தில் 'ஸ' வருகிற இடத்திலெல்லாம் மறுபக்கம் 'கு' வருகிறது. மகன் என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. அந்த மொழி தமிழா, அதன் உறவு மொழியா என்று அறிஞர்கள் விவாதித்தார்கள். விவாதிக்க முடிந்ததே இரண்டு பக்கமும் ஒரே செய்தி என்பதால்தான். பெக்ராம் காசில் மேசன் கண்ட அதே வழி. பிறகு 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் செப்புக்காசை வெளிப்படுத்தினார். சங்க அரசன் பெயரோடு காசே கிடையாது என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் தங்கள் கருத்தை மாற்ற வேண்டியதாயிற்று. மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேரர் காசுகளும் அடுத்தடுத்து அறிஞர் கவனத்துக்கு வந்தன. பகலெல்லாம் பத்திரிகை வேலை, மிச்ச நேரத்தில் காசு என்று வாழ்ந்தவர் கிருஷ்ணமூர்த்தி. பிரின்செப்பின் வாழ்க்கையும் அப்படித்தான் ஓடியது.

முடிந்த விதம்

1838இல் பிரின்செப்புக்கு ஓயாத தலைவலி. முதலில் பித்தக் கோளாறு என்று நினைத்தார்கள். நோய் மூளையில். கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நினைவு தப்பிய நிலையிலேயே ஓராண்டுக்கு மேல் இருந்து, 1840 ஏப்ரல் 22இல் லண்டனில் இறந்தார். வயது 40. கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் தூண் மண்டபம் ஒன்று அவர் நினைவாக எழுந்தது, இன்றும் பிரின்செப் காட் என்றே பெயர்.

அவர் ஒரு புத்தகமாகத் தன் காசு ஆய்வைத் தொகுக்கவே இல்லை. எல்லாம் மாத இதழ்களில் சிதறிக் கிடந்தன. எட்வர்ட் தாமஸ் என்பவர் அவற்றைச் சேர்த்து, பிந்திய கண்டுபிடிப்புகளையும் இணைத்து 1858இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பிரின்செப்பின் காசு சேகரிப்பை 1847இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. கன்னிங்ஹாம் இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவரானார், தன் அறிக்கைகளின் முன்னுரையில் பிரின்செப் எழுதிய கடிதங்களை அப்படியே எடுத்துக் கொடுத்தார். 1837 மே மாதத்தின் அந்த நாட்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு ஒரு காரணம் அந்தக் கடிதங்கள்.

மேசனின் காசுகளுக்குத்தான் பெரிய சோதனை. கம்பெனியின் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போன ஆயிரக்கணக்கான காசுகள், அந்த அருங்காட்சியகம் 1870களின் இறுதியில் கலைக்கப்பட்டபோது பல திசையில் சிதறின. எது பெக்ராம், எது காபூல் கடைத்தெரு என்ற குறிப்பே இல்லாமல் மூட்டையாகக் கிடந்தவை நிறைய. பிரிட்டிஷ் மியூசியத்தில் எலிசபெத் எரிங்டன் பல ஆண்டு உழைத்து அவற்றை மறுபடி அடையாளம் கண்டு பட்டியலிட்டார். மேசன் எழுதி வைத்திருந்த கையெழுத்துக் குறிப்புகளும், வகைவாரியான எண்ணிக்கைகளும், வரைந்த படங்களும் அதற்குக் கைகொடுத்தன. நம் அமராவதி, வைகை, பெண்ணையாற்று மணலில் சலித்தெடுத்து, கை மாறி, இடம் தெரியாமல் விற்பனைக்கு வருகிற செப்புக்காசுகளுக்கு அப்படி ஒரு குறிப்பேடு பெரும்பாலும் இருப்பதில்லை. புதையலாகக் கிடைப்பதை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒற்றைக் காசாகப் பொறுக்கியவர் யாரும் அதற்காக ஆட்சியர் அலுவலகம் வரை போவது அரிது. எடுத்த ஊரின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காசோடு வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.